ரத்தத்தில் டபிள்யூ.டி.1 அளவு 38-இல் இருந்து 61 ஆகியிருக்கிறது: ரத்தப் புற்றுநோய் திரும்புகிறதா?

நீங்கள் எழுதியிருப்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். உங்கள் தங்கைக்கு வயது 34. கடும் மைலாய்டு ரத்தப் புற்றுநோய், அதாவது ஏ.எம்.எல். குரோமோசோம் அறிக்கையில் எல்லாம் இயல்பு என்று வந்தது. நான்கு சுற்று கீமோ முடிந்து மூன்று மாதம் ஆகிறது. கடைசி மஜ்ஜைப் பரிசோதனையில் நோய் தணிந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதன்பின் ரத்தத்தில் டபிள்யூ.டி.1 என்ற மரபணுவின் வெளிப்பாட்டை அளந்து வருகிறார்கள். முதல் முறை 38, ஆறு வாரம் கழித்து 61. அறிக்கையின் ஓரத்தில் இயல்பு 50-க்குள் என்று அச்சிட்டிருக்கிறது. எனவே நோய் திரும்புகிறதா என்பது உங்கள் முதல் கேள்வி. உங்கள் சித்தப்பா நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் மட்டும் கொடுத்துவிட்டு வருகிறார். அப்படியானால் தங்கைக்கும் இனி மஜ்ஜை ஊசி வேண்டாம்தானே என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: ரத்தத்தில் அளக்கும் இந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

காத்திருக்க வைக்காமல் சொல்லிவிடுகிறேன். 38 என்பது 61 ஆனதை மட்டும் வைத்து நோய் திரும்பிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அதற்காக அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது. மஜ்ஜைப் பரிசோதனையை இப்போது கைவிடுவது சரியல்ல. இவை தவிர, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. உங்கள் கேள்விகள் இரண்டையும்விட அது முக்கியம் என்று நினைக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ரத்தப் புற்றுநோய் மாதிரிகளைப் பரிசோதிக்கும் மூலக்கூறு ஆய்வகத்தில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். இந்த வகை அறிக்கைகளைத் தயாரிப்பதும், அவற்றைப் பற்றி மருத்துவர்களோடு விவாதிப்பதும் என் அன்றாடப் பணி. நோயாளிக்குச் சிகிச்சை தருபவர்களில் ஒருவன் அல்ல. தங்கையின் கோப்பையும் நான் பார்க்கவில்லை. ஆகவே எண்ணைப் படிப்பது எப்படி என்பதில் உறுதியாகப் பேசுவேன். என்ன சிகிச்சை என்பதை அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நோய் தணிந்துவிட்டது என்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். ஏ.எம்.எல் கண்டறியப்படும் நாளில் உடலில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றுசெல்கள் இருக்கலாம். கீமோவுக்குப் பிறகு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்க்கும்போது முதிராத செல்கள் நூற்றுக்கு 5-க்குக் கீழே இருந்து, ரத்த அணுக்களும் தேறியிருந்தால், அதைத் தணிவு என்கிறார்கள். கண்ணுக்கு எல்லாம் சுத்தமாகத் தெரியும் அந்த நிலையிலும் உள்ளே ஆயிரம் கோடி புற்றுசெல்கள் வரை மறைந்திருக்க இடமுண்டு. எதுவும் இல்லாமலும் இருக்கலாம். இந்த இரண்டு நிலைகளையும் நுண்ணோக்கியால் பிரித்துப் பார்க்க இயலாது. அந்த இடைவெளியில் ஒளிந்திருப்பதைத்தான் எஞ்சிய நோய் என்கிறோம். பத்தாயிரம் செல்களில் ஒன்று, நல்ல மாதிரியாக அமைந்தால் ஒரு லட்சத்தில் ஒன்று என்ற அளவு வரை அதைத் தேடிப் பிடிக்க மூலக்கூறு முறைகளால் முடிகிறது.

மரபணு வெளிப்பாட்டை அளப்பது என்றால் என்ன? மரபணு ஒரு செல்லுக்குள் சும்மா இருப்பதும் உண்டு, வேலை செய்வதும் உண்டு. வேலை செய்யும்போது அது தன்னை ஆர்.என்.ஏ-வாக நகலெடுக்கிறது. ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களிலிருந்து அந்த ஆர்.என்.ஏ-வைப் பிரித்து, டி.என்.ஏ-வாக மாற்றி, பி.சி.ஆர் இயந்திரத்தில் சுற்றுச் சுற்றாகப் பெருக்குகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். எத்தனையாவது சுற்றில் சமிக்ஞை தெரிகிறது என்பதை வைத்துத் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று கணக்கிடுகிறோம். ஆனால் ஒரு குழாயில் ரத்தம் கொஞ்சம் கூட இருக்கும், இன்னொன்றில் ஆர்.என்.ஏ சற்றுச் சிதைந்திருக்கும். அதை ஈடுகட்ட, எல்லா ரத்த செல்களிலும் ஏறத்தாழ நிலையாக இருக்கும் ஒரு மரபணுவையும் சேர்த்து அளக்கிறோம். அப்படி எதை எடுக்கலாம் என்று ஐரோப்பிய ஆய்வகங்கள் பல சேர்ந்து ஒத்துப்பார்த்து 2003-இல் வெளியிட்ட தரப்படுத்தலில் தேறியவற்றுள் ஒன்று ஏ.பி.எல். உங்கள் அறிக்கையில் உள்ள 61 என்பதன் முழு வடிவம் இதுதான்: 10,000 ஏ.பி.எல் நகல்களுக்கு 61 டபிள்யூ.டி.1 நகல்கள். அது ஒரு விகிதம். மேலே உள்ள எண் ஆடினாலும் கீழே உள்ள எண் ஆடினாலும் விடை ஆடும்.

இப்போது அளக்கப்படும் மரபணுக்களுக்கு வருவோம். இவற்றில் இரண்டு குடும்பங்கள் உண்டு. இந்த வேறுபாட்டை நோயாளிகளிடம் யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். முதல் குடும்பம், புற்றுசெல்லில் மட்டுமே இருப்பவை. இரண்டு குரோமோசோம்கள் உடைந்து தவறாக ஒட்டியதால் பிறந்த கலப்பு மரபணுக்கள், என்.பி.எம்.1 என்ற மரபணுவில் நான்கு எழுத்துகள் கூடுதலாகச் செருகப்பட்டதால் வந்த பிறழ்வு ஆகியவை இதில் அடங்கும். ஆரோக்கியமான செல்லில் இவை கிடையாது. ஒரே ஒரு நகல் கிடைத்தாலும் அது புற்று வம்சத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இரண்டாவது குடும்பம், இயல்பான செல்லிலும் கொஞ்சம் இருந்து, புற்றுசெல்லில் மிக அதிகமாகப் பேசுபவை. டபிள்யூ.டி.1 இந்த இரண்டாம் குடும்பத்தைச் சேர்ந்தது.

குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியை ஆராய்ந்தபோது 1990-இல் கண்டெடுக்கப்பட்ட மரபணு அது. 1994-இல் ஜப்பானில் ஹருவோ சுகியாமாவின் குழு, கடும் ரத்தப் புற்றுநோயில் இது மிகுதியாக வெளிப்படுகிறது, எஞ்சிய நோயைத் தேட இதைப் பயன்படுத்தலாம் என்று காட்டியது. குரோமோசோம் கோளாறு எதுவும் இல்லாத நோயாளிக்கும் அளக்க ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது என்று ஆய்வகங்கள் உற்சாகமாயின. அந்த உற்சாகத்தில் நியாயம் இருந்தது. பின்பு 2009-இல் இத்தாலியின் டேனியலா சில்லோனியும் ஐரோப்பிய லுகேமியா வலையமைப்பின் ஆய்வகங்களும் சேர்ந்து இதை முறையாக அளந்து பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்களின் அளவுகளை வைத்து ரத்தத்துக்கு 50, மஜ்ஜைக்கு 250 என்று வரம்பு வைத்தார்கள், இரண்டும் 10,000 ஏ.பி.எல் நகல்களுக்கு. உங்கள் அறிக்கையில் அச்சிட்டிருக்கும் 50 அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. நோய் கண்டறியப்பட்டபோது பத்தில் ஒன்பது பேருக்கு அருகில் ரத்தத்தில் டபிள்யூ.டி.1 உயர்ந்திருந்தது உண்மை. ஆனால் எஞ்சிய நோயைத் தொடர்வதற்கு வெறுமனே உயர்ந்திருந்தால் போதாது, இயல்பின் வரம்பைவிட நூறு மடங்காவது உயர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் கீழே இறங்கும் தூரம் தெளிவாகத் தெரியும். அப்படி இருந்தவர்கள் ரத்தத்தில் 46 சதவீதம், மஜ்ஜையில் 13 சதவீதம் மட்டுமே. ஆகவே தங்கைக்கு நோய் கண்டறிந்த அன்று ரத்தத்தில் இந்த அளவு என்னவாக இருந்தது என்று கேளுங்கள். 5,000-க்கு மேல் இருந்திருந்தால் இப்போதைய எண்களைத் தொடர்ந்து படிப்பதில் பொருள் உண்டு. அன்றே 300, 400 என்று இருந்திருந்தால், இந்தப் பரிசோதனை அவருக்கு எதையும் தெளிவாகச் சொல்லக்கூடிய பரிசோதனையே அல்ல. அன்று அளக்கவே இல்லை என்றால் ஒப்பிடுவதற்கு அடிப்படை கிடையாது.

மஜ்ஜையில் 13, ரத்தத்தில் 46 என்ற வித்தியாசம் உங்கள் இரண்டாவது கேள்வியைத் தொடுகிறது. டபிள்யூ.டி.1 ஆரோக்கியமான மஜ்ஜையிலுள்ள மூலசெல்களிலும் பேசும். அவை நிறைந்த மஜ்ஜையில் ஒரு புற்றுசெல்லின் குரலைத் தேடுவது சந்தைக்குள் நின்று ஒருவரின் முணுமுணுப்பைக் கேட்க முயல்வது போல. ரத்தத்தில் அந்த மூலசெல்கள் மிகக் குறைவு, பின்னணி இரைச்சல் அடங்கியிருக்கும். அதனால் இந்த ஒரு மரபணுவுக்கு மட்டும் மஜ்ஜையைவிட ரத்தமே மேல். தங்கைக்கு ரத்தத்தில் பார்த்தது சரியான தேர்வுதான். என்.பி.எம்.1 போன்ற முதல் குடும்பத்து மரபணுக்களுக்கு இது அப்படியே தலைகீழ். அங்கே இரைச்சல் கிடையாது, எங்கே புற்றுசெல் அதிகமோ அங்கே தேடுவதுதான் கூர்மை. அந்த இடம் மஜ்ஜை.

இனி 38, 61 என்ற எண்களுக்கு. 61 என்பது 38-ஐப் போல 1.6 மடங்கு. பி.சி.ஆர் கணக்கில் இது ஒரு முழுச் சுற்றுக்கும் குறைவு. ஒரே குழாய் ரத்தத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு நாளில் ஓட்டினாலும் இந்த அளவு வேறுபாடு வரக்கூடும். அளவு இவ்வளவு தாழ்ந்திருக்கும்போது, குழாய்க்குள் எத்தனை நகல்கள் விழுகின்றன என்பதிலேயே தற்செயல் புகுந்துவிடுகிறது. ஐரோப்பிய லுகேமியா வலையமைப்பின் 2021 வழிகாட்டுதல், மூலக்கூறு அளவில் நோய் திரும்புகிறது என்று சொல்ல, இல்லாமல் இருந்தது புதிதாகத் தோன்ற வேண்டும் அல்லது இரண்டு மாதிரிகளுக்கிடையே பத்து மடங்காவது ஏற வேண்டும் என்கிறது. அதையும் சில வாரங்களுக்குள் எடுத்த இன்னொரு மாதிரி உறுதி செய்ய வேண்டும். பத்து மடங்கு என்றால் ஏறத்தாழ 3.3 சுற்று. அந்த அளவு நகர்வைத் தற்செயல் என்று ஒதுக்க மாட்டோம். டபிள்யூ.டி.1-ஐப் பொறுத்தவரை அதே வலையமைப்பின் அறிவுரை, வேறு நல்ல அளவுகோல் ஏதும் இல்லாதபோது மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் ரத்தத்தில் பாருங்கள் என்பதுதான்.

அந்த 50 என்ற கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கீமோ எதையும் பார்க்காத ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை வைத்துப் போட்ட கோடு. கடைசி கீமோவுக்குப் பின் மஜ்ஜை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது இளம் மூலசெல்கள் பெருகும், சில ரத்தத்துக்கும் வரும். வெள்ளணுக்களைத் தூண்டும் ஊசி போட்டிருந்தால் இன்னும் அதிகமாக வரும். அந்த நாட்களில் டபிள்யூ.டி.1 கொஞ்சம் தூக்கிக்காட்டுவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. இன்னொன்று, மாதிரி வந்து சேரும் விதம். ஆர்.என்.ஏ சீக்கிரம் சிதையும். சனிக்கிழமை மாலை ஒரு சிறு நகரத்தில் எடுத்த ரத்தம் ஞாயிறு முழுக்க கூரியர் அலுவலகத்தில் கிடந்து திங்கள் மதியம் எங்களிடம் வந்தால், டபிள்யூ.டி.1-உம் ஏ.பி.எல்-உம் ஒரே வேகத்தில் சிதைந்திருக்கும் என்று நம்ப இயலாது. அப்படிப்பட்ட மாதிரியில் எண் வரும், ஆனால் அந்த எண்ணின் மேல் எனக்கு நம்பிக்கை வராது. தங்கையின் அறிக்கையில் ஏ.பி.எல் நகல்களின் மொத்த எண்ணிக்கை தனியாக இருக்கும். அது 10,000-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் மாதிரி பலவீனமானது. உயர்வானாலும் தாழ்வானாலும் அதன் மேல் முடிவு கட்டக்கூடாது.

எந்த நிலையில் நான் கவலைப்படுவேன்? அடுத்த மாதிரி 150, அதற்கடுத்தது 500 என்று ஒரே திசையில் ஏறினால். 61-இலேயே நின்றாலும் தட்டணுக்கள் காரணமின்றி இறங்கத் தொடங்கினால். ஒரே ஆய்வகம், ஒரே முறை, வாரத் தொடக்கத்தில் எடுத்து அன்றே அனுப்பிய ரத்தம் என்று எல்லாம் சரியாக இருந்தும் ஏற்றம் தொடர்ந்தால். அப்போது தாமதிக்காமல் மஜ்ஜை பார்க்க வேண்டும். வேறு ஆய்வகத்தில் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று பல குடும்பங்கள் செய்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒரே வரிசையில் வைத்துப் படித்தால் இல்லாத ஏற்றம் தெரியும், இருக்கும் ஏற்றம் மறையும்.

சித்தப்பாவுக்கு ரத்தம் மட்டும் போதுமாக இருப்பதற்குக் காரணம் நோயின் இயல்பு. நாட்பட்ட மைலாய்டு வகையில் பிலடெல்பியா குரோமோசோம் என்ற தெளிவான அடையாளம் ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் இருக்கிறது. அந்தப் புற்று வம்சம் முதிர்ந்த வெள்ளணுக்களாகவே ரத்தத்தில் ஓடுகிறது. ரத்தத்தைப் பார்த்தாலே மஜ்ஜையின் நிலை தெரிந்துவிடும். கடும் வகையில் அப்படியல்ல. முதிராத செல்கள் மஜ்ஜையிலேயே தங்கிப் பெருகி, நிரம்பிய பிறகுதான் ரத்தத்துக்கு வழிகின்றன. தணிவு நிலையில் ரத்தத்தில் கிடைப்பது பொதுவாக மஜ்ஜையில் கிடைப்பதில் ஒரு சிறு பங்குதான். நிணநீர் அணுக்களில் தொடங்கும் கடும் லிம்போ வகை ரத்தப் புற்றுநோயிலும், அது பி செல் என்ற அணுவின் நோயாக இருந்தால், ரத்தம் மஜ்ஜைக்கு ஈடாகாது. டி செல் என்ற அணுவின் நோயாக இருந்தால் இரண்டும் ஓரளவு நெருங்கி நடக்கும். ஏ.எம்.எல்-இன் துணை வகையான புரோமைலோசைட்டிக் ரத்தப் புற்றுநோய் இதில் ஒரு நல்ல பாடம். அதன் கலப்பு மரபணுவை மஜ்ஜையில் தொடர்ந்து தேடி, நோய் வெளியே தெரியும் முன்பே ஆர்சனிக் கொடுத்துத் தடுக்கலாம் என்று இங்கிலாந்தில் டேவிட் கிரிம்வேடின் குழு 2009-இல் காட்டியது. அந்த நோய்க்கு ஆர்சனிக்கை மட்டுமே முதல் மருந்தாகக் கொடுத்து நீடித்த தணிவு பெறலாம் என்று உலகுக்குச் சொன்னவர்களில் வேலூர் சி.எம்.சி மருத்துவர்களும் உண்டு, அவர்களின் ஆய்வு 2006-இல் வந்தது. மஜ்ஜையில் தெரிந்த நோய் ரத்தத்தில் தெரியாமல் போவது இந்த வகையில் அடிக்கடி நடக்கும்.

இப்போது, நீங்கள் கேட்காமல் விட்டது. உங்கள் பதிவில் குரோமோசோம்கள் இயல்பு என்று இருக்கிறது, என்.பி.எம்.1 என்ற சொல்லே இல்லை. இந்தப் பிறழ்வை 2005-இல் இத்தாலியின் பெரூஜாவில் புருனோ பாலினியின் குழு கண்டுபிடித்தது. வயது வந்தோரின் ஏ.எம்.எல்-இல் மூன்றில் ஒரு பங்கினருக்கு இது உண்டு. குரோமோசோம்கள் இயல்பாக இருப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல். அதாவது தங்கைக்கு இது இருக்கும் வாய்ப்பு இல்லாதிருக்கும் வாய்ப்பைவிடக் குறைவானதல்ல. இருந்தால் டபிள்யூ.டி.1-ஐப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதை ஓரமாக வைத்துவிடலாம், ஏனெனில் அதைவிடப் பலமடங்கு நம்பகமான அளவுகோல் கையில் கிடைத்துவிடும். பிரிட்டனில் இந்தப் பிறழ்வு உள்ள 346 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2016-இல் வெளியானது. இரண்டாவது சுற்று கீமோவுக்குப் பின்னும் ரத்தத்தில் இதன் நகல்கள் மறையாதவர்கள் 15 சதவீதம். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 82 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. மறைந்தவர்களில் அது 30 சதவீதம். அந்தக் கட்டத்தில் ரத்தமே அவ்வளவு தெளிவாகப் பேசியது. சிகிச்சை முடிந்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மஜ்ஜை அல்லது நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் என்று 2021 வழிகாட்டுதல் வகுக்கிறது. ரத்தத்தை மட்டும் நம்பினால் அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதே அதன் கணக்கு. அப்படியென்றால் மஜ்ஜை ஊசியைக் குறைக்க நினைக்கும் உங்களுக்கும் அங்கே ஒரு வழி திறக்கும்.

என்.பி.எம்.1-க்கும் எல்லைகள் உண்டு. சிகிச்சை முடிவில் மிகக் குறைந்த அளவில் தங்கி, ஏறாமலே நின்று, நோய் திரும்பாமலே வாழ்பவர்கள் இருக்கிறார்கள். வழிகாட்டுதலும் அந்தத் தாழ்ந்த நிலையை, ஏ.பி.எல் அளவில் 2 சதவீதத்துக்குக் கீழே இருப்பதை, தனியாக வைத்து மறுபடி பார்க்கச் சொல்கிறது. ஒரு சிறு பங்கினருக்கு இந்தப் பிறழ்வு இல்லாத வடிவில் நோய் திரும்பும். தோலிலோ மூளைப் பகுதியிலோ தனியாக முளைக்கும் நோயை ரத்தம் காட்டாமலே போகலாம். நோய் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதும் துணை வகைக்குத் துணை வகை மாறும். சிலவற்றில் இரண்டு வாரத்துக்குள் அளவு இரட்டிப்பாகும், சிலவற்றில் ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். மூன்று மாத இடைவெளி ஒருவருக்குப் போதும், இன்னொருவருக்கு அதற்குள் எல்லாம் நடந்துவிடும்.

தங்கைக்கு அன்று அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை என்றாலும் இன்றும் செய்ய வழி உண்டு. இது பலருக்குத் தெரியாது. முதல் மஜ்ஜைப் பரிசோதனையின்போது எடுத்த ஆர்.என்.ஏ அல்லது டி.என்.ஏ-வைச் சில ஆய்வகங்கள் உறைநிலையில் வைத்திருக்கும். இல்லாவிட்டால் மஜ்ஜையைத் தடவிய கண்ணாடித் தகடுகள் இருக்கும், அவற்றிலிருந்து சுரண்டி டி.என்.ஏ எடுக்க முடியும். எலும்புத் துண்டை மெழுகில் பதித்த கட்டியும் நோய்க்குறியியல் துறையில் இருக்கும். பிறழ்வு இருந்தால் அந்தப் புரதம் செல்லின் உட்கருவில் இருக்க வேண்டியதற்குப் பதிலாக வெளியே சைட்டோபிளாசத்தில் வந்து நிற்கும், சாயம் ஏற்றிப் பார்த்தால் தெரியும். பாலினியின் குழு முதலில் இந்தக் கண்டுபிடிப்பை எட்டியதே அப்படி மெழுகில் பதித்த துண்டுகளைப் பார்த்துத்தான். இப்போதைய ரத்தத்தில் தேடினால் பயனில்லை. தணிவு நிலையில் அது இல்லை என்று வந்தால், முதலிலேயே இல்லையா, இப்போது மறைந்துவிட்டதா என்று சொல்ல முடியாது. நோய் இருந்த நாளின் மாதிரிதான் வேண்டும். அதை மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

பல மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒரே சேர அளக்கும் பரிசோதனைகளைப் பற்றியும் நீங்கள் எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். 1999-இலேயே ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டை வைத்து மைலாய்டு வகையையும் லிம்போ வகையையும் பிரித்துக் காட்டினார்கள். 2016-இல் பதினேழு மரபணுக்களின் மதிப்பெண் ஒன்று வந்தது, நோய் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதை அது முன்கூட்டிச் சொல்கிறது. இவை நோய் கண்டறியும் நாளில் பயன்படுபவை. செல்கள் முக்கால்வாசி புற்றாக இருக்கும்போது அந்த முறை வேலை செய்யும், பத்தாயிரத்தில் ஒன்று என்ற நிலையில் ஆரோக்கியமான செல்களின் வெளிப்பாடே எல்லாவற்றையும் மூடிவிடும். டபிள்யூ.டி.1-உடன் பிரேம் போன்ற வேறு சில மரபணுக்களைச் சேர்த்து ரத்தத்தில் அளக்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஒன்று தவறவிட்டதை இன்னொன்று பிடிக்கும் என்பது அதன் நியாயம், அதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் அன்றாடச் சிகிச்சை முடிவுகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

கடைசியாக, இதில் உண்மையிலேயே சந்தேகமாக இருக்கும் பகுதி. எஞ்சிய நோய் இருப்பவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்பதில் ஐயமில்லை. முன்கூட்டிப் பிடித்துச் சிகிச்சை கொடுத்தால் அதிகம் பேர் பிழைக்கிறார்களா என்பதுதான் அவ்வளவு உறுதியாகத் தெரியாத கேள்வி. ஜெர்மனியில், எஞ்சிய நோய் தென்பட்ட 53 பேருக்கு அசாசைட்டிடின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் 58 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள். மருந்து கொடுக்காத குழு அதில் இல்லை, அதனால் முழுப் பெருமையையும் மருந்துக்குக் கொடுக்க முடியாது. பிரிட்டனில் மூலக்கூறு கண்காணிப்பு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவும் வந்திருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் ஆயுளில் வேறுபாடு இல்லை. என்.பி.எம்.1-உடன் எஃப்.எல்.டி.3 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பிறழ்வும் சேர்ந்து இருந்தவர்களுக்கு மட்டும் கண்காணிப்பு பலன் கொடுத்தது. அந்த ஆய்வு தொடங்கியபோது வெனிடோகிளாக்ஸ் போன்ற மருந்துகள் கையில் இல்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். என் கருத்து, கண்காணிப்பதே நல்லது என்பதுதான், ஆனால் அதை நிரூபிக்கப்பட்ட உண்மை போல உங்களிடம் சொல்ல மாட்டேன். லிம்போ வகையில் நிலைமை தெளிவு. அங்கே எஞ்சிய நோய்க்கென்றே பிளினாடுமோமாப் மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஏற்றம் உறுதியானால் மருத்துவர்கள் பேசப்போவது பெரும்பாலும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைப் பற்றியதாக இருக்கும். அதற்குத் தேவையான எச்.எல்.ஏ பொருத்தம், அதாவது செல்களின் மேலுள்ள அடையாளப் புரதங்களின் பொருத்தம், ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்களில் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒன்று என்ற வாய்ப்பில் அமையும். பொருத்தம் பார்த்து முடிவு வரவும், பொருந்தாவிட்டால் வேறு கொடையாளியைத் தேடவும் வாரங்கள் ஆகும். அந்த வாரங்கள் அப்போது கிடைக்காமல் போகலாம். உங்களுக்கும் மற்ற உடன்பிறந்தவர்களுக்கும் இந்தப் பரிசோதனை ஏற்கெனவே ஆகியிருக்கிறதா என்று அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேளுங்கள். ஆகவில்லை என்றால் அதற்குக் கொஞ்சம் ரத்தமோ கன்னத்தின் உட்புறத்தில் தடவிய பஞ்சோ போதும், 61 என்ற எண் எந்தப் பக்கம் போகும் என்று தெரியும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.